கொடைக்கானலில் சைவமும் அசைவமும் ஒரே மேசையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. காலை டிபனும் காபியும் நாங்கள் தருவோம். மதியமும் ராத்திரியும் அவர்கள் வெளியேதான் சாப்பிட வேண்டும். பையை இறக்கி வைத்த கையோடு, "அக்கா, எங்கள்ல நாலு பேரு சைவம், மூணு பேரு அசைவம். எங்க போய்ச் சாப்பிடலாம்?" என்று கேட்காத குடும்பம் குறைவு. நான் பிறந்த வீட்டில் முட்டை கூட வராது. புகுந்த வீட்டில் ஞாயிறு தவறாமல் கறி எடுப்பார்கள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு விருந்தினர் கேள்வி மட்டுமில்லை, வீட்டுக் கேள்வியும்தான். இத்தனை வருஷத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாதிப் பேர் சைவம், பாதிப் பேர் அசைவம். எந்த மாதிரி ஹோட்டலுக்குப் போவது?

உங்களில் யாருக்குக் கட்டுப்பாடு அதிகமோ அவரை முதலில் கேளுங்கள். அசைவம் சமைக்கிற இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்பவர் ஒருவர் இருந்தாலும் அந்த வேளைக்கு எல்லோரும் சைவ ஹோட்டலுக்கே போய்விடுங்கள். கறி சாப்பிடுகிறவருக்கு ஒரு வேளை நெய் ரோஸ்ட்டும் பூரிக்கிழங்கும் கஷ்டமே இல்லை. அதே சைவக்காரரைப் பிரியாணிக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தால், சுற்றிலும் எல்லோரும் ரசித்துச் சாப்பிட, அவர் தயிர்சாதத்தையும் ஊறுகாயையும் தொட்டுக்கொண்டு "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வார்த்தையை நம்பாதீர்கள். நானே பல தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை கூட அது உண்மையில்லை.

உள்ளே வந்து உட்கார ஆட்சேபணை இல்லை, தட்டில் மட்டும் வரக்கூடாது என்பவர்களாக இருந்தால் 'வெஜ் – நான்வெஜ்' என்று போர்டு போட்ட ஹோட்டல்கள் சரிப்படும். அதிலும் வட இந்தியச் சாப்பாடு போடும் இடமாகப் பாருங்கள். ரொட்டி தனியாக வரும், ஒவ்வொரு கூட்டும் தனித்தனிக் கிண்ணத்தில் வரும். தால், பனீர், கடாய் காய்கறி ஒரு பக்கம், சிக்கன், மட்டன் மறுபக்கம் என்று மேசையைப் பிரித்துக்கொள்ள முடியும். பிரியாணிக் கடையிலும் பரோட்டா சால்னாக் கடையிலும் அந்த வசதி கிடையாது. அங்கே கறிதான் சமையலுக்கே அடித்தளம், சைவம் என்று எதாவது இருந்தால் அது ஒப்புக்கு வைத்ததாகத்தான் இருக்கும். 'முனியாண்டி விலாஸ்', 'பிரியாணி' என்ற சொற்களைப் போர்டில் பார்த்தால் அசைவக்காரர்களை மட்டும் அனுப்புங்கள். 'உயர்தர சைவ உணவகம்', 'பவன்' என்று இருந்தால் பாட்டியை நம்பி அழைத்துப் போகலாம்.

மூன்று நாள் தங்குகிறீர்களென்றால் இன்னொரு வழியும் உண்டு. மதியம் இரண்டு கூட்டமாகப் பிரிந்து போய் அவரவருக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி மட்டும் எல்லோரும் ஒரே இடத்தில் சாப்பிடுங்கள். எங்களிடம் வரும் ஒரு திருச்சிக் குடும்பம் வருஷாவருஷம் இப்படித்தான் செய்கிறது, யாருக்கும் முகம் கோணியது இல்லை.

"சைவம்" என்று சொன்னால் போதாதா?

போதாது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து தொடாதவர், முட்டை மட்டும் சாப்பிடுகிறவர், கேக்கில் கலந்த முட்டை என்றால் பரவாயில்லை, ஆம்லெட் கூடாது என்பவர், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், ஜைனர், பால் நெய் கூட வேண்டாம் என்று வீகனாக இருக்கும் காலேஜ் பிள்ளைகள். எல்லோரும் "நான் சைவம்" என்றுதான் சொல்வார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு, நாள் பார்த்துச் சைவம். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை, சஷ்டி. புரட்டாசி வந்தால் மாதம் முழுக்கக் கறி வாங்காத வீடுகள் ஏராளம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடந்து வந்து, தரிசனம் முடித்து, அப்படியே வண்டி பிடித்து மலையேறி எங்களிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். பழனியிலிருந்து பெருமாள்மலை வழியாக மேலே வந்து சேர்வதற்குள் வண்டிக்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிடும். தரிசனம் முடிந்துவிட்டது, இனிச் சாப்பிடலாம் என்பார் ஒருவர். மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விரதம் முடிந்த மாதிரி என்பார் இன்னொருவர். இதில் மற்றவர் தீர்ப்புச் சொல்ல எதுவும் இல்லை. மாலை போட்டவர் சொல்வதே முடிவு, அவர் உட்காரும் மேசைக்கு அன்றைக்குக் கறி வேண்டாம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஒவ்வொருவரிடமும் போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: முட்டை சேர்ப்பீங்களா, வெங்காயம் பூண்டு சேர்ப்பீங்களா, அசைவ ஹோட்டல்ல உட்காருவீங்களா, நாம வர்ற தேதியில விரதம் எதுவும் இருக்கா. ஹோட்டல் வாசலில் பசியோடு நின்றுகொண்டு கேட்டால் யாரும் உண்மையான பதிலைச் சொல்ல மாட்டார்கள். "எனக்கு எதுன்னாலும் சரி" என்றுதான் வாயில் வரும்.

மெனுவில் சைவப் பக்கத்தில் இருப்பதெல்லாம் சைவம்தானே? எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

குஸ்காவில் ஆரம்பிக்கிறேன். எனக்கு அது ஆறாத விஷயம்.

என் சித்தி பிறவிச் சைவம். பல வருஷத்துக்கு முன்னால் மலை இறங்கும் வழியில் அடிவாரத்தில் ஒரு ஹோட்டலில் நிறுத்தினோம். எங்களோடு வந்தவர்கள் பிரியாணி சொல்ல, "அம்மாவுக்கு பீஸ் இல்லாம குஸ்கா குடுத்துடறேன்" என்றார் சப்ளையர். பீஸ் இல்லை என்றால் சைவம் என்று நாங்களும் நினைத்துவிட்டோம். வாழையிலையில் ஆவி பறக்க வந்தது. சித்தி "நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே கால்வாசி சாப்பிட்டிருப்பார். பிறகு விரல் நின்றுவிட்டது. சோற்றிலிருந்து நகக்கண் அளவுக்கு ஓர் எலும்புச் சில்லை எடுத்தார், இலையின் ஓரத்தில் வைத்தார், அதன்மேல் கொஞ்சம் சோற்றைத் தள்ளி மூடினார். இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே சொன்னார். அதற்குப் பிறகு எங்களோடு எந்த ஹோட்டலிலும் அவர் சாப்பிட்டதில்லை.

குஸ்கா என்பது பிரியாணி வெந்த அதே தேக்சாவிலிருந்து கறித்துண்டு இல்லாமல் அள்ளும் சோறு. அரிசி வெந்ததே கறிச்சாற்றில்தான். திண்டுக்கல் பக்கத்துச் சீரகச் சம்பா பிரியாணிக்குப் பெயரே அந்த அரிசி சாற்றை இழுத்துக்கொள்வதால்தான். ஆகவே குஸ்கா, 'பிளைன் பிரியாணி', 'பிரியாணி ரைஸ்' மூன்றும் அசைவம். வெஜ் பிரியாணி என்று தனியாகத் தாளித்துச் செய்தது மட்டும்தான் சைவம்.

அடுத்தது பரோட்டா. தொட்டுக்கொள்ளத் தரும் சால்னா பெரும்பாலும் எலும்பு போட்டுக் கொதித்தது. "வெஜ் சால்னா" என்று கேட்டால் சில இடங்களில் அதே சால்னாவை மேலாக, கறி வராமல் ஊற்றித் தருவார்கள். தேங்காய் அரைத்த குருமா தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பரோட்டா மாவிலேயே மிருதுவாக வரட்டும் என்று முட்டை உடைத்து ஊற்றிப் பிசையும் கடைகளும் உண்டு. 'நான்' என்கிற வட இந்திய ரொட்டி மாவிலும் அப்படி நடக்கும். முட்டை சேர்க்காதவர்களுக்குச் சப்பாத்தியும் தந்தூரி ரொட்டியும் பாதுகாப்பு.

சூப். குளிர் ஊரில் முதலில் எல்லோரும் கேட்பது அதுதான். ஹாட் அண்ட் சவர், ஸ்வீட் கார்ன் இரண்டுக்கும் அடியில் ஊற்றும் சாறு கோழி எலும்பில் எடுத்ததா, காய்கறியில் எடுத்ததா, வெறும் தண்ணீரா என்று கேட்க வேண்டும். கோபி 65, காளான் 65, பஜ்ஜி எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் கேள்வி. ஏரிக்கரைத் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜியும் முட்டை போண்டாவும் ஒரே வாணலியில் அடுத்தடுத்து மிதப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே கேட்கக்கூடத் தேவையில்லை. ஃபிரைட் ரைஸ் வாணலியும் அப்படித்தான், சிக்கன் ரைஸ் போட்டுவிட்டுத் துணியால் ஒரு துடை, அடுத்தது வெஜ் ரைஸ். தோசைக்கல்லில் ஆம்லெட் போடுகிறார்களா என்பதையும் பாருங்கள். நல்ல கலப்பு ஹோட்டல்களில் ஆம்லெட்டுக்கும் கலக்கிக்கும் தனிக் கல் இருக்கும்.

மோமோ பற்றி யாரும் யோசிப்பதே இல்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கொடைக்கானலில் திபெத்தியர்கள் நடத்தும் கடைகள் இருக்கின்றன. ஆவியில் வேகும் கொழுக்கட்டை மாதிரியான மோமோவும், நூடுல்ஸ் சூப்பான துக்பாவும் எல்லோரும் தேடிப்போய்ச் சாப்பிடுவது. மோமோ வேகிற பாத்திரம் அடுக்கடுக்காக, தட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். மேல் தட்டில் கோழி, கீழ்த் தட்டில் முட்டைக்கோஸ் என்று வைத்தால் கோழியின் சாறு சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கிற மோமோ மேல்தான் விழும். வெஜ் தட்டு மேலே இருக்கிறதா, இல்லை தனிப் பாத்திரமா என்று கேளுங்கள். "மேல வைச்சுக் குடுங்க" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே செய்து தருவார்கள். துக்பாவில் நூடுல்ஸ் மிதக்கும் சாறு என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் எப்படிக் கேட்பது? சப்ளையர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

"இது வெஜ்தானே?" என்று கேட்காதீர்கள். கூட்ட நேரத்தில் நாலு மேசையைக் கவனிக்கிறவர் "ஆமா சார்" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மெனுவில் சைவப் பக்கத்தில் இருப்பதை வைத்துச் சொல்கிறார். சமையலறைக்குள் நடப்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம். எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்ல வைக்கிற மாதிரிக் கேளுங்கள்.

"தம்பி, இந்த சூப்புக்கு என்ன தண்ணி ஊத்துவாங்க?"

"தெரியலக்கா, மாஸ்டர்ட்ட கேட்டுட்டு வாரேன்."

"கேட்டுட்டு வாப்பா, அவசரம் இல்ல. கோபி எந்த எண்ணெயில பொரிக்கிறாங்கன்னும் சேர்த்துக் கேட்டுரு."

இப்படிக் கேட்டு நான் யாரிடமும் ஏச்சு வாங்கியதில்லை. "மாஸ்டர்ட்ட கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லும் பையன் இருக்கிற ஹோட்டலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல ஹோட்டல். பத்து மணிக்கு மேல் அடுப்பை அணைக்கப் போகும் நேரத்திலோ, மே மாத சீசன் ஞாயிறு மதியம் ஒன்றரைக்கோ போய்க் கேட்டால் பொறுமை யாருக்கும் இருக்காது. பன்னிரண்டரைக்குள் மதியச் சாப்பாட்டுக்கும் ஏழரைக்குள் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் போய்விடுங்கள்.

எத்தனை சைவம், எத்தனை அசைவம் என்று ஆர்டர் சொல்வது?

தலைக்கணக்கில் சொல்லாதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். நாலு சைவம், மூன்று அசைவம் என்றால், நாலு பேருக்கு ஒரு பனீர், ஒரு தால், மூன்று பேருக்கு ஒரு சிக்கன், ஒரு மட்டன் என்று கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் சிக்கன் சாப்பிடுகிறவர் பனீரும் எடுப்பார், தாலும் ஊற்றிக்கொள்வார். பனீர் சாப்பிடுகிறவர் சிக்கனை எடுக்க முடியாது. பனீர் பட்டர் மசாலாக் கிண்ணம் மேசையைச் சுற்றி வந்து கடைசியில் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் சேரும்போது ஓரத்தில் வழித்த மசாலாதான் மிச்சம் இருக்கும். அம்மா அதை ரொட்டியால் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்க மாட்டார்.

அதனால் சைவக் கூட்டு மேசையில் இருக்கிற அத்தனை பேருக்கும் போதுமான அளவு, அசைவக் கூட்டு அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். ஏழு பேர் மேசை என்றால் நான் மூன்று சைவக் கூட்டு, ஒரு அசைவக் கூட்டு, இன்னொன்று அசைவத்தில் வறுவல் மாதிரி எதாவது சொல்வேன். சைவக் கிண்ணம் முதலில் சைவக்காரர்களிடம் போகட்டும், அவர்கள் எடுத்த பிறகு சுற்றட்டும்.

ஒரே மேசையில் உட்கார்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

கரண்டியை. சிக்கன் கிண்ணத்துக் கரண்டி தால் கிண்ணத்துக்குள் போய்விட்டால் அந்தத் தால் அவர்களுக்கு அவ்வளவுதான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பேச்சு சுவாரஸ்யத்தில் கை தானாகப் போய்விடும். மேசையின் ஒரு முனையில் அசைவக்காரர்கள், மறுமுனையில் சைவக்காரர்கள், நடுவில் முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்று உட்கார்ந்தால் கிண்ணங்கள் குறுக்கே போகாது. எங்கள் வீட்டில் என் மாமனார்தான் இதை ஆரம்பித்து வைத்தார். கல்யாணமான புதிதில் ஹோட்டலுக்குப் போனபோது, "நீ அந்தக் கடைசியில உக்காரும்மா, எங்க எலும்பெல்லாம் இந்தப் பக்கமே கெடக்கட்டும்" என்றார். அவர் என்னை ஒதுக்கினார் என்று ஒரு நிமிஷம் கூட எனக்குத் தோன்றவில்லை. மனசு நிறைந்து போயிற்று.

எலும்பையும் மீன் முள்ளையும் போடத் தனித் தட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். குளிருக்கு ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருப்பார்கள், வாடை வெளியே போகாது. மீன் வறுவல் வாடை சிலருக்குக் குமட்டும். கதவோரமோ ஜன்னலோரமோ மேசை கிடைத்தால் சைவக்காரரை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன், என்ன ஆகிடும்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அதேபோல, கறி சாப்பிடுகிறவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற சைவக்காரர்களும் உண்டு, என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடமும் நான் சொல்லியிருக்கிறேன், அவங்க உழைச்ச காசுல அவங்க சாப்பிடறாங்க, உங்க இலையைப் பார்த்துச் சாப்பிடுங்க என்று.

ஒருவருடையது வந்து பத்து நிமிஷம் கழித்து இன்னொருவருடையது வருகிறதே, காத்திருக்க வேண்டுமா?

கீழே சமவெளியில் காத்திருக்கலாம், இங்கே வேண்டாம். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. பருப்பும் கறியும் திறந்த பாத்திரத்தில் வேகச் சுணங்கும், குக்கர் இல்லாமல் ஆகாது. முன்கூட்டி வேகவைத்தது தீர்ந்துவிட்டால் அடுத்தது வர அரைமணி கூட ஆகும். மட்டன் கிரேவியை இங்கே ஆறவிட்டால் சீக்கிரமே ஓரத்தில் வெள்ளையாகக் கொழுப்பு உறையத் தொடங்கிவிடும், அப்புறம் வாயில் வைக்க முடியாது. வந்தவர் சூடாகச் சாப்பிடட்டும் என்று எல்லோரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே, "வெஜ்ஜும் நான்வெஜ்ஜும் சேர்ந்து வர்ற மாதிரிப் பாத்துக்கங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தவரை செய்வார்கள்.

முட்டை சைவத்தில் சேருமா?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி முட்டை அசைவம். பால், பால் பொருள், தேன் ஆகியவை அசைவத்தில் சேராது.

சாக்லேட், சீஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பாக்கெட்டில் வருவதென்றால் குறியைப் பாருங்கள். பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான் இருந்தது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும் என்பதால் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய நினைப்பில் அசைவத்துக்கு வட்டம் தேடாதீர்கள்.

இங்கே கடைக்குக் கடை எடை போட்டுத் தரும் ஹோம்மேட் சாக்லேட்டில் குறி எதுவும் இருக்காது. சாதாரணச் சாக்லேட்டில் பயம் இல்லை. உள்ளே மிருதுவாக, வெள்ளையாக மார்ஷ்மெல்லோ வைத்தது, ஜெல்லி வைத்தது என்றால் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. ரம் கலந்த சாக்லேட்டும் விற்பார்கள், விரதக்காரர்களும் இஸ்லாமிய நண்பர்களும் கேட்டு வாங்குவது நல்லது. சீஸ் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: சீஸுக்காகப் பாலைத் திரிய வைக்கும் பொருளுக்கு ரென்னட் என்று பெயர், நம் நாட்டுத் தரவிதி விலங்கிலிருந்து எடுக்காத ரென்னட்டையே சொல்கிறது. ஆகவே இங்கே தயாராகும் கொடைக்கானல் சீஸைத் தாராளமாகச் சாப்பிடலாம். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் மட்டும் பாக்கெட்டைப் படியுங்கள்.

பழனியில் வாங்கிய பஞ்சாமிர்தத்தை எல்லோரும் சாப்பிடலாம்தானே என்று போன மாதம் ஒரு அம்மா கேட்டார். வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேர்ந்தது. சைவர்களுக்குக் கேள்வியே இல்லை. வீகனுக்கும், தேன் சேர்க்காத ஜைனருக்கும் ஆகாது. அவர் பேரன் வீகனாம், பெங்களூரில் இருந்து வந்தவன். பிரசாதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அதைவிட மரியாதையாக ஒருவர் மறுக்க முடியாது.

எங்கள் கூட்டத்தில் ஜைனர்கள் இருக்கிறார்கள். மலையில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

மண்ணுக்கு அடியில் விளைவது அவர்களுக்கு ஆகாது. எங்கள் மலையில் பேர் வாங்கியதெல்லாம் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது: காரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேல் 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. காளானும் ஆகாது. சாம்பாரில் வெங்காயம், குருமாவில் பூண்டு, மசால் தோசையில் உருளைக்கிழங்கு. ஆனாலும் வழி இருக்கிறது. இட்லி, வெறும் தோசை சரிப்படும். வெண்பொங்கலும் தயிர்சாதமும் இஞ்சி போடாமல் செய்ததென்றால் சரிப்படும். தேங்காய்ச் சட்னியில் பூண்டோ வெங்காயமோ வைத்து அரைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சீசனில் குஜராத், ராஜஸ்தான் பக்கத்து விருந்தினர் நிறைய வருவதால் வட இந்தியச் சாப்பாடு போடும் சைவ ஹோட்டல்களில் "ஜெயின்" என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். முட்டைக்கோஸ், பீன்ஸ், பட்டாணி, தக்காளி வைத்துத் தனியாகச் செய்து தருவார்கள். சூரியன் மறைந்த பிறகு சாப்பிடாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக அன்று மாலை ஐந்தரைக்கே எல்லோரும் டிபனுக்கு உட்காருங்கள், பஜ்ஜி காபியோடு நேரம் நன்றாகவே போகும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குள் பிரச்சினை வருமா?

வரும். சைவம், அசைவம் என்று இரண்டே கூட்டம் இருப்பதாக நினைப்பதால்தான் இதை மறந்துவிடுகிறோம். இஸ்லாமிய நண்பர்களுக்கு ஹலால் வேண்டும், போர்டு இல்லாவிட்டால் கறி எங்கே எடுக்கிறீர்கள் என்று கல்லாவில் கேட்டுக்கொள்ளலாம். கிடைக்காத இடத்தில் அவர்கள் சைவக்காரர்களோடு சேர்ந்துகொள்வார்கள், அதையும் கணக்கில் வைத்து சைவக் கூட்டைச் சொல்லுங்கள். மாட்டுக்கறி சாப்பிடாதவர், பன்றிக்கறி சாப்பிடாதவர், கோழி மட்டும் சாப்பிடுகிறவர், மீன் மட்டும் சாப்பிடுகிறவர் எல்லோரும் உண்டு. ஒரு அசைவக் கூட்டுத்தான் சொல்லப் போகிறீர்கள் என்றால் கோழியாக இருக்கட்டும், அதிகம் பேருக்கு ஒத்துப்போவது அதுதான்.

சைவக் குடும்பத்துப் பிள்ளை பக்கத்துத் தட்டைப் பார்த்து "எனக்கும் வேணும்" என்றால்?

பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பெற்றோரைப் பாருங்கள், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையை அதட்டவும் வேண்டாம். பிள்ளைக்கு மொறுமொறுவென்று எதாவது வேண்டும், அவ்வளவுதான். தனி எண்ணெயில் பொரித்த கோபியோ, பனீர் டிக்காவோ முதலிலேயே சொல்லி வைத்தால் இந்தக் கேள்வியே வராது.

பில்லைச் சமமாகப் பிரிக்கலாமா?

குடும்பத்துக்குள் என்றால் யாராவது ஒருவர் கொடுத்துவிடுவார். நண்பர்கள், ஆபீஸ் கூட்டம் என்றால் சமமாகப் பிரிப்பது நியாயமில்லை. மட்டன் கிரேவி விலையில் இரண்டு தால் வாங்கிவிடலாம். சைவக்காரர் கூச்சத்தில் கேட்க மாட்டார், அசைவக்காரர்தான் தானாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே "வெஜ்ஜுக்கு ஒரு பில், நான்வெஜ்ஜுக்கு ஒரு பில்" என்று சொல்லிவிடுங்கள், சாப்பிட்டு முடித்த பிறகு பிரிக்கச் சொன்னால் கேஷியருக்குச் சிரமம். சாதாரண ஹோட்டல்களில் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருந்தால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் இதைத் தெளிவாகச் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பரிமாறிய பையனுக்குக் கையில் கொடுப்பது வேறு, அதை மறந்துவிடாதீர்கள்.

சைவத்தில் கறித்துண்டு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் சாப்பிட்டவரைக் கவனியுங்கள். சிலர் அழுதுவிடுவார்கள், சிலர் என் சித்தி மாதிரி வாயே திறக்க மாட்டார்கள். வாய் கொப்பளிக்க வெந்நீர் கொடுங்கள், வெளியே காற்றாட அழைத்துப் போங்கள். "தெரியாமத்தானே சாப்பிட்டீங்க, பாவம் ஒண்ணும் இல்ல" என்று உடனே சமாதானம் சொல்லத் தொடங்காதீர்கள். அவருக்கு அந்த நேரத்தில் பாவபுண்ணியக் கணக்கு வேண்டாம், தனக்கு நடந்தது மற்றவர்களுக்கும் பெரிதாகப் படுகிறது என்று தெரிந்தால் போதும்.

பிறகு தட்டை எடுக்க விடாமல் போட்டோ எடுத்துக்கொண்டு, பில்லோடு மேனேஜரைக் கூப்பிடுங்கள். சப்ளையரைக் கத்த வேண்டாம், தப்பு பெரும்பாலும் சமையலறையில் நடந்திருக்கும். பணம் வாங்காமல் விடுவது அவர்கள் செய்யக்கூடிய குறைந்தபட்சம். அலட்சியமாகப் பேசினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் 14 இலக்க எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாங்கள் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

பாட்டி எந்த ஹோட்டலிலும் சாப்பிட மாட்டார். மூன்று நாள் எப்படிச் சமாளிப்பது?

அவரை வற்புறுத்தாதீர்கள், விட்டுவிட்டும் வராதீர்கள். முதல் நாளுக்குப் புளியோதரையும் எள்ளு இட்லிப்பொடியும் கட்டிக்கொண்டு வாருங்கள், இந்தக் குளிரில் புளியோதரை இரண்டு நாள் தாங்கும். தயிர்சாதமாகக் கட்டாதீர்கள், மலையேறுவதற்குள் வத்தலக்குண்டு வெயிலில் புளித்துவிடும். வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் நிறுத்திச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் குரங்கு வந்துவிடும், வண்டிக்குள்ளேயே சாப்பிடுங்கள். பிளாஸ்டிக் பையும் ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலும் இங்கே கூடாது, எவர்சில்வர் தூக்கும் சொம்பும் எடுத்து வாருங்கள்.

தங்கும் இடத்தில் ஒரு அடுப்பும் குக்கரும் கேட்டால் பலர் தருவார்கள். நாங்கள் தருகிறோம். பாட்டி தன் கையால் ஒரு ரசம் வைத்து, அப்பளம் பொரித்து முதலில் சாப்பிட்டுவிட்டால், பிறகு ஹோட்டலுக்கு எல்லோரோடும் வந்து ஒரு டம்ளர் சூடான பாலைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குக்கர் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், எங்களிடம் இருப்பது இரண்டுதான், ஒன்றைச் சைவத்துக்கென்றே தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.